தானாகப் போகும் பதில்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உத்தமபாளையத்தில் வாட்ஸ்அப் மூலம் பழம் விற்பவர் தோட்டத்தில் நிற்கும்போது உடனே பதில் போட முடியாது. தாமதமானால் வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்ப்பார்.

'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியில் இதற்கு இலவச வசதி உண்டு. முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் இடைவெளிக்குப் பின் எழுதுபவருக்கும் வரவேற்புச் செய்தி தானாகப் போகும். கடை மூடியிருக்கும் நேரத்துக்குத் தனிச் செய்தி வைக்கலாம். போனில் நெட் இருக்க வேண்டும்.

கடை நேரம், எத்தனை மணிக்குள் பதில் வரும் என்ற இரண்டு விவரம் போதும். விலையையோ, 'ஆர்டர் உறுதி' என்றோ அதில் எழுதாதீர்கள். விலை மாறும், பழம் தீரும். செயலிக்கு அது தெரியாது. ஆனால், வாக்குத் தவறினால் கெடுவது உங்கள் பெயர்தான்.

இதுவரை மெசேஜ் அனுப்பாத ஓர் எண்ணிலிருந்து 'ஹலோ' அனுப்பிச் சோதித்துவிடுங்கள்.