50 லட்சம் விளக்குகளை டிஸ்னி அணைத்தது ஏன்?

அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள டிஸ்னி ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் 2016 ஜனவரி 6 இரவோடு ஆஸ்போர்ன் குடும்ப விளக்கு அலங்காரம் முடிவுக்கு வந்தது. ஆண்டுகள் பல ஓடியும் ரசிகர்களின் ஆதங்கம் தீரவில்லை. வெறும் சீரியல் செட்டுக்கு இவ்வளவு வருத்தமா?

எங்கே தொடங்கியது?

ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரைச் சேர்ந்த தொழிலதிபர் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன். மகள் ஆசைப்பட்டாள் என்று 1986-ல் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் விளக்கு கட்டத் தொடங்கினார். அது பெருகிப் பெருகி 30 லட்சம் விளக்குகளைத் தொட்டது. வேடிக்கை பார்க்க வந்த கார்களால் தெருவே ஸ்தம்பித்தது. பொறுக்க முடியாத அக்கம்பக்கத்தினர் கோர்ட்டுக்குப் போனார்கள். மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் ஆஸ்போர்னுக்குச் சாதகமான தீர்ப்பு கிடைக்கவில்லை. அப்போது கைகொடுத்தது டிஸ்னி. 1995-ல் விளக்குகள் பூங்காவுக்கு இடம் மாறின.

அங்கே அது 50 லட்சம் விளக்குகளாக வளர்ந்தது. 2006 முதல் இசைக்கேற்ப விளக்குகள் 'ஆடின'. பனி அரிதாகவே பெய்யும் புளோரிடாவில் நுரைப்பனி கொட்டியது. தனி டிக்கெட் கிடையாது. பூங்காவின் நுழைவுச்சீட்டே போதும்.

ஏன் நிறுத்தினார்கள்?

விளக்குகள் தொங்கிய தெருவே இடிபடவிருந்தது. 2015 ஆகஸ்டில் ஸ்டார் வார்ஸ் வளாகத்தை டிஸ்னி அறிவித்தது. அடுத்த மாதமே, அந்த சீசன்தான் கடைசி என்ற செய்தி வந்தது. பிறகு டாய் ஸ்டோரி வளாகம் 2018-லும் ஸ்டார் வார்ஸ் வளாகம் 2019-லும் திறக்கப்பட்டன.

வியாபாரக் கணக்கில் இது சரிதான். விளக்குகள் விடுமுறைக் காலத்துக்கு மட்டும். புதிய வளாகமோ வருடம் முழுக்கக் கூட்டம் சேர்க்கும்.

ரசிகர்கள் கேட்பது நியாயமா?

நியாயம்தான். ராட்டினம் ஏற முடியாத பாட்டியும், உயரம் போதாத குழந்தையும் சேர்ந்து ரசித்த இடம் அது. வரிசை இல்லை, பெல்ட் இல்லை. சும்மா நடந்தாலே போதும். அடுத்த ஆண்டு வாணவேடிக்கையும் ஒளிப்படக் காட்சியும் வந்தன. ஆனால், நின்று பார்க்கும் காட்சி வேறு, உள்ளே நடந்து திரியும் தெரு வேறு. 2023-ல் அதே பூங்காவில் தொடங்கிய கிறிஸ்துமஸ் கால இரவு விழாவுக்குத் தனி டிக்கெட். நுழைவுச்சீட்டோடு கிடைத்த கொண்டாட்டம் மெல்ல மெல்லத் தனி விலைக்குப் போகிறது என்ற சந்தேகம் ரசிகர்களுக்கு வராமல் என்ன செய்யும்?

இடம் டிஸ்னியுடையது, இடிக்கும் உரிமையும் அதற்கே. ஆனால், 20 ஆண்டுகளாகக் குடும்பங்கள் சேர்ந்து வளர்த்த வழக்கத்துக்கு எந்தப் பத்திரத்திலும் உரிமையாளர் கிடையாது. அதை நிறுத்தும்போது, எல்லா வயதினரும் கூடுதல் செலவில்லாமல் சேர்ந்து ரசிக்க வேறொன்றைத் தருவதே முறை. புதிய வளாகம் எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தாலும் அந்தக் கடன் அடைபடவில்லை.