குமாஸ்தா மேல் பழி போடாதீர்கள்

போன மாதம் என் மகள் பாரிசிலிருந்து வந்திருந்தாள். கூட வேலை பார்க்கும் யூதப் பெண்மணி ஒருவரும் வந்திருந்தார். சாப்பிடும்போது பேச்சு பூர்வீகத்தின் பக்கம் திரும்பியது. அவருடைய பாட்டனாரின் தம்பி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவராம். "எல்லிஸ் தீவில் ஒரு குமாஸ்தாவுக்கு எங்கள் பெயர் வாயில் நுழையவில்லை. அவனே சுருக்கி எழுதிவிட்டான். அதற்கப்புறம் தடயமே கிடைக்கவில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது ஊரறிந்த கதைதான். 1974-ல் வந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில்கூட இப்படி ஒரு காட்சி உண்டு. ஆனால் அது கதை.

1892 ஜனவரி 1-ல் திறந்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் யாருக்கும் புதுப் பெயர் எழுதவில்லை. பயணிகள் பட்டியலைக் கப்பல் கம்பெனிகளே ஹாம்பர்க், பிரேமன் போன்ற துறைமுகங்களில் தயாரித்துக் கொண்டுவந்தன. அதிகாரி அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார், அவ்வளவுதான். இட்டிஷ் தெரிந்த துபாஷிகளும் இருந்தார்கள். பிற்பாடு நியூயார்க் மேயரான லா கார்டியா, 1907 முதல் 1910 வரை அங்கே துபாஷியாக இருந்தவர். அவருடைய தாயாரே யூதக் குடும்பத்தவர்.

எழுத்துப் பிழை நாங்கள் செய்வோம், ஒப்புக்கொள்கிறேன். பிழை வேறு, பெயரை மாற்றுவது வேறு.

அப்படியானால் மாற்றியது யார்? அவர்களேதான். 1906-ம் வருஷச் சட்டப்படி, குடியுரிமை வாங்கும்போதே பெயரையும் மாற்றித் தரும்படி கோர்ட்டில் கேட்கலாம். அங்கேயே பிறந்த பிள்ளைகளும் பின்னாளில் நியூயார்க் கோர்ட்டுகளில் மனுப் போட்டார்கள். ஏன்? யூதப் பெயரைக் கண்டால் வேலை கிடைக்கவில்லை, கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. சில கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே, குடும்பப் பெயரை மாற்றியதுண்டா என்று கேட்டன.

கதவைச் சாத்தியவர்களை விட்டுவிட்டு, பேனா பிடித்தவன் தலையில் பழியைக் கட்டுவது என்ன நியாயம்?

நம் புதுச்சேரியிலும் 1881 டிக்ரீப்படி ரெனோன்சான் ஆனவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்று பேரப்பிள்ளைகள் "வெள்ளைக்காரன் வைத்த பெயர்" என்கிறார்கள். பெயரைச் சொன்னது தாத்தா. குமாஸ்தா எழுதிக்கொண்டான்.

அந்தப் பெண்மணியிடம் சொன்னேன்: "கப்பல் பட்டியலில் பழைய பெயரில் தேடுங்கள், அம்மா. பிறகு குடியுரிமை மனுவைப் பாருங்கள். 1906-க்குப் பிந்தியதானால் கப்பல் பெயரும் வந்த தேதியும் அதில் இருக்கும். அதிலும் புதுப் பெயர் இல்லையென்றால் கோர்ட் மனுக்களைப் பாருங்கள்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர் தானாகவே ஏன் மாற்றிக்கொண்டிருப்பார்?" என்று கேட்டார்.

"முதலில் தேட வேண்டியது அதைத்தான்" என்றேன்.