காணாமல் போகும் முதல் படி

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவிலிருந்து வந்து என்னிடம் பொருளாதாரம் படித்த பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். படிப்பை முடித்தபின் ஊருக்கே திரும்பி மீன் வியாபாரத்தில் இறங்கியவர். அவருடைய மகள் பொறியியல் முடித்து, சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக இரவுப் பணி பார்த்து வந்தார். "சார், ராத்திரி ஷிப்டையே எடுத்துட்டாங்களாம். இனிமே மெஷினே பார்த்துக்குமாம். புள்ளைக்கு வேலை இருக்கு. ஆனா கூட இருந்தவங்கள்ல பாதிப் பேரு இல்லைங்கிறா. இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய எனக்கு அன்று உடனடியாக விடை வரவில்லை.

அந்தப் பெண் பார்த்த வேலை என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பம் என்றாலே மென்பொருள் எழுதுவது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். எழுதிய மென்பொருளை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கச் செய்வது அதற்கு இணையான பெருந்தொழில். அமெரிக்க வங்கியின் சர்வரில் நினைவகம் நிரம்பினாலோ, ஐரோப்பியக் கடையொன்றின் கட்டண இணைப்பு அறுந்தாலோ, சென்னையில் ஒரு திரையில் எச்சரிக்கை ஒளிரும். முதல் நிலைப் பணியாளர் அதைப் பார்த்து, 'டிக்கெட்' ஒன்றைப் பதிவு செய்து, கையேட்டில் உள்ள படிகளைச் செய்து பார்ப்பார். சரியாகாவிட்டால் இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் அனுப்புவார். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக கடலோரத்திலிருந்தும் கரிசல் காட்டிலிருந்தும் வந்த பல்லாயிரம் இளைஞர்களுக்கு இத்துறையின் வாசல் இதுவாகவே இருந்தது. ஆங்கிலம் தடுமாறினாலும், பெரிய கல்லூரியின் பெயர் இல்லாவிட்டாலும், விழித்திருக்கும் பொறுமை இருந்தால் உள்ளே நுழைய முடிந்தது.

இந்த வாசலில்தான் செயற்கை நுண்ணறிவு இன்று நிற்கிறது. ஓர் இரவில் வந்து குவியும் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே கோளாறின் எதிரொலிகள். அவற்றைத் தொகுத்து, அன்று மாலை செய்யப்பட்ட எந்த மாற்றத்தால் இது நேர்ந்திருக்கும் என்று ஊகித்து, பழைய டிக்கெட்டுகளைத் துழாவி, தீர்வை முன்மொழியவும் சில இடங்களில் தானே செயல்படுத்தவும் இம்மென்பொருள்களால் முடிகிறது. மென்பொருள் எழுதும் பக்கத்திலும் இதே நிலைதான். கூகுளில் புதிதாக எழுதப்படும் நிரல்களில் கால் பங்குக்கு மேல் செயற்கை நுண்ணறிவு உருவாக்கி, பொறியாளர்கள் சரிபார்த்து ஏற்பவை என்று சுந்தர் பிச்சை 2024 அக்டோபரில் தெரிவித்தார்.

நிறுவனங்களின் கணக்கு இதனால் எப்படி மாறுகிறது? இந்திய மென்பொருள் சேவைத் தொழில் பிரமிடு வடிவில் கட்டப்பட்டது. அடியில் குறைந்த ஊதியத்தில் ஏராளமான இளைஞர்கள், மேலே சில மூத்தவர்கள், வாடிக்கையாளரிடம் தலைக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் கட்டணம். பத்துப் பேர் செய்த வேலையை ஐந்து பேரும் ஓர் இயந்திரமும் செய்ய முடியும் என்று தெரிந்தவுடன், வாடிக்கையாளர் கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறார். திறன் உயர்வின் பலன் முதலில் அங்கேதான் போய்ச் சேருகிறது. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரை, விடுவிக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்போர். காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருத்தமின்மையே என்றார் அதன் தலைவர் கே. கிருத்திவாசன். அவர் சொன்னதை நான் முழுதாக மறுக்கவில்லை. ஆனால் எந்தத் திறனோடு பொருந்தவில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், பேச்சு சுற்றி வந்து இயந்திரத்தில்தான் நிற்கும்.

அப்படியானால் இயந்திரம் உண்மையிலேயே உற்பத்தித் திறனைப் பெருக்குகிறதா? சான்றுகள் ஒரே திசையில் இல்லை. வாடிக்கையாளர் உதவி மையப் பணியாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை எரிக் பிரினியோல்ஃப்சன் முதலியோர் ஆராய்ந்தனர். 2023-இல் வெளியான அவர்களுடைய ஆய்வறிக்கையின்படி, திறன் சராசரியாக 14 விழுக்காடு உயர்ந்தது. புதியவர்களிடம் 34 விழுக்காடு உயர்ந்தது. அனுபவசாலிகளிடம் பெரிய மாற்றம் இல்லை. மறுபுறம், மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவமிக்க மென்பொருளாளர்கள் 16 பேரை வைத்து நடத்திய சோதனையில், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியபோது வேலை முடிய 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், தாங்கள் 20 விழுக்காடு வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினர். மென்பொருள் வெளியீட்டை ஆண்டுதோறும் ஆராயும் கூகுளின் 'டோரா' குழு, செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு கூடிய இடங்களில் வெளியீட்டின் நிலைத்தன்மை சரிந்திருப்பதைத் தன் 2024 அறிக்கையில் சுட்டியது.

இதில் முரண்பாடு ஏதுமில்லை. நிரல் எழுதும் வேகம் கூடினால், நெரிசல் அடுத்த இடத்துக்கு, அதாவது சரிபார்த்தல், சோதித்தல், வெளியிடுதல் ஆகியவற்றுக்கு நகர்கிறது. ஏரியில் எவ்வளவு இறால் பிடித்தாலும், முகத்துவாரம் மணலால் தூர்ந்திருக்கும் நாளில் கடலுக்குப் போக வேண்டிய படகு கரையில்தான் கிடக்கும். பழவேற்காட்டு மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெளியீட்டில் ஒரு பிழை எத்தனை தூரம் பாயும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தரப்பட்டது. பழுதான கோப்பை அந்நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் முடங்கிய கணினிகளில் பலவற்றை மனிதர்கள் ஒவ்வொன்றாக அணுகி மீட்க வேண்டியிருந்தது. அது செயற்கை நுண்ணறிவின் பிழையன்று. அடுத்த ஆண்டு ஜூலையில் நடந்தது வேறு வகை. ரெப்ளிட் தளத்தின் செயற்கை நுண்ணறிவு முகவர், எதையும் மாற்றக் கூடாது என்ற கட்டளை இருந்தும், ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோரின் தரவுத்தளத்தை அழித்தது. அழித்ததை மீட்க முடியாது என்றும் தவறாகச் சொன்னது. மீட்க முடிந்தது, அதை முயன்று பார்த்தவர் மனிதர்.

தோணிரேவுக்கு வடக்கே, ஏரிக்கு அப்பால் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாள்களில் இப்பகுதி மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் புறப்பட ஐந்து விநாடிகளே இருந்தபோது, தானியங்கிக் கணினி ஏவுதலை நிறுத்தியது. கணினி செய்தது சரியே. ஏன் நிறுத்தியது, கோளாறு உண்மையானதா, மீண்டும் முயலலாமா என்ற கேள்விகளுக்கு விடை கண்டவர்கள் பொறியாளர்கள். அன்று காலை 10 மணிக்கே கலம் வெற்றிகரமாகப் பறந்தது. தானியங்கி முறை வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். அது நின்றுபோகும் கணத்தில் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தவர்கள் அறையில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அப்படி அறிந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இன்றைய மூன்றாம் நிலை நிபுணர்களில் பலர் ஒரு காலத்தில் முதல் நிலையில் டிக்கெட் பதிந்தவர்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு விழுந்த சர்வரை மீட்கும் பதற்றத்தில்தான் அவர்கள் தொழிலைக் கற்றனர். அந்த நிலையை எடுத்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து இயந்திரத்தின் முடிவை ஏற்கவும் மறுக்கவும் தகுதியுள்ளவர் கிடைப்பது அரிது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு, பிறரோடு ஒப்பிடுகையில் 13 விழுக்காடு குறைந்துள்ளது. அதே தொழில்களில் மூத்தவர்களின் நிலை மோசமாகவில்லை. புதியவர்களுக்குத்தான் இயந்திரம் அதிகம் உதவுகிறது என்றது முதல் ஆய்வு. அந்தப் புதியவரை வேலைக்கே எடுக்காவிட்டால் அந்த உதவி யாருக்கு?

இங்கே பொருளாதாரத்தின் பழைய சிக்கல் ஒன்று தலைகாட்டுகிறது. புதியவருக்குப் பயிற்சி தரும் செலவு ஒரு நிறுவனத்துக்கு. பயிற்சி பெற்றவர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம். எனவே பயிற்சியைக் கைவிடுவது தனித்தனியே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் லாபம், எல்லோரும் கைவிட்டால் துறைக்கே நட்டம். சிறு கண் வலையால் குஞ்சுகளையும் வாரிவிடுபவருக்கு அன்றைய பிடிபாடு கூடும். சில ஆண்டுகளில் ஏரியே வெறுமையாகும். பழவேற்காட்டின் சில மீனவக் கிராமங்களில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. 'பாடு' என்பது அதன் பெயர். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். குறை இல்லாத ஏற்பாடு அன்று. பாட்டுரிமை கிடைக்காத சமூகங்களின் மனத்தாங்கலும் மோதல்களும் அந்த ஏரியின் வரலாற்றில் உண்டு. ஆயினும், பொதுவளத்தை அதைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமின் கருத்துக்கு இது அண்டை வீட்டுச் சான்று.

விசைப்படகுகள் வந்தபோதும் தமிழகம் அவற்றைத் தடை செய்யவில்லை. மோதல்களுக்குப் பிறகு 1983-இல் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் தொலைவு பாரம்பரியப் படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. இன்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நடைமுறையில் எல்லை மீறல்கள் உண்டு. எனினும், புதிய தொழில்நுட்பத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டே அதற்கு வேலி போட முடியும் என்பதற்கு அச்சட்டம் முன்னுதாரணம்.

தகவல் தொழில்நுட்பத்துக்கு அத்தகைய வேலி இன்னும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில், ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்காக 15 நாள் ஊதியத்தை நிறுவனம் மறுதிறன் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்ற விதி உள்ளது. வரவேற்கத்தக்கது. ஆனால், மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் அச்சட்டத்தின்படி 'தொழிலாளி' அல்லர். பணி இழக்கும் நாற்பது வயதுக் குழுத்தலைவர் அந்த வகையில் சேர்க்கப்பட்டால் அந்த நிதி அவருக்கு இல்லை. இன்னும் வேலைக்கே சேராத புதிய பட்டதாரிக்கோ அந்தச் சட்டத்தில் சொல்லே இல்லை.

மாநில அரசால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மென்பொருள் சேவைகளை வாங்கும் பெரிய வாடிக்கையாளர்களுள் அரசும் ஒன்று. எல்காட், மின் ஆளுமை முகமை ஆகியவை கோரும் ஒப்பந்தப்புள்ளிகளில், இயக்கப் பணிக் குழுவின் ஒரு பங்கு முதல் இரண்டாண்டு அனுபவத்துக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். செயற்கை நுண்ணறிவு முகவர் எந்த மாற்றத்தைச் செய்தாலும் பெயர் குறிப்பிடத்தக்க ஒரு மனிதரின் ஒப்புதல் பதிவாக வேண்டும் என்றும் விதிக்கலாம். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் நிரல் எழுதும் பயிற்சியோடு, பழுதான அமைப்பை மீட்கும் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். இதனால் ஒப்பந்த விலை சிறிது உயரும். மின்கட்டணமும் குடும்ப அட்டையும் பத்திரப்பதிவும் கணினியில் ஓடும் ஒரு மாநிலத்துக்கு அந்தச் செலவு கட்டுபடியாகும் என்றே நான் கணக்கிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து மாணவரை நானே அழைத்தேன். உங்கள் மகளுக்கு நல்லது, அவளுக்குப் பின்னால் வருபவர்களுக்கு இப்போதைக்குக் கெட்டது என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, இளையவன் பிளஸ் டூ படிப்பதாகவும், கணினி அறிவியலில் சேர்க்கலாமா என்றும் கேட்டார். சேருங்கள், ஆனால் சர்வர் அறையின் வேலை தெரிந்த ஆசிரியர் இருக்கும் கல்லூரியாகப் பாருங்கள் என்று சொன்னேன். அப்படி ஒரு கல்லூரியின் பெயரைக் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.