‘ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல!’

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெரியம்மாவுடன் கேலாங்கில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். மீன் வைத்திருந்த ஐஸ் உருகி, நடக்கும் வழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. கால் வைத்ததுதான் தெரியும், பெரியம்மா தரையில் கிடந்தார்.

நாலு பேர் ஓடி வந்தார்கள். வலியைவிட வெட்கம் பெரிதாகத் தெரிந்ததோ என்னவோ, “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல” என்று சேலையைச் சரிசெய்தபடி எழுந்துவிட்டார். கடைப் பையன் உடனே தரையைத் துடைத்தான். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தபோது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆனால் தண்ணீர் இருந்ததற்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

கடைக்குள் விழுந்தாலே கடைக்காரர் பணம் தர வேண்டுமா? இல்லை. இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பும் பொதுவான கவனக்குறைவுச் சட்டத்தில் அடங்கும் என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013ல் தெளிவுபடுத்தியது. அதாவது, கடை நியாயமான அளவு கவனம் எடுத்துக்கொண்டதா என்பதே கேள்வி. போனைப் பார்த்துக்கொண்டே நடந்து விழுந்தால், உங்கள் பங்குத் தவற்றுக்கு ஏற்ப இழப்பீடு குறையலாம்.

இங்கிலாந்தில் 1974ல் டெஸ்கோ கடையில் ஒரு பெண் தரையில் சிந்தியிருந்த தயிரில் வழுக்கி விழுந்தார். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கூட்டுகிறோம் என்றது கடை. மூன்று வாரம் கழித்து அதே கடையில், சிந்திய ஆரஞ்சு ஜூஸ் கால் மணி நேரம் துடைக்கப்படாமல் கிடந்ததையும் அவர் பார்த்திருந்தார். வழக்கில் அவரே வென்றார். கிடைத்த இழப்பீடு 178 பவுண்டு 50 பென்ஸ்.

“விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற அறிவிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடையின் கவனக்குறைவால் உடலில் காயம் பட்டால், அப்படி ஒரு பலகையை மாட்டிப் பொறுப்பிலிருந்து தப்பிக்க நம் சட்டம் விடுவதில்லை.

அதனால், விழுந்தால் அவசரமாக எழாதீர்கள். கூட வந்தவர் தரையையும் காலணியையும் படம் எடுக்கட்டும். பார்த்தவர்களின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். நடந்ததைக் கடையில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே எழுதிக் கேளுங்கள். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. உடல் காயத்துக்கான இழப்பீட்டைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிப்பதில்லை, எனவே முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிப் பாருங்கள்.

கடை நடத்தும் அண்ணன்மார்களே, தண்ணீரைக் கண்டதும் துடைப்பதும், மஞ்சள் பலகை வைப்பதும், துடைத்த நேரத்தைக் குறித்து வைப்பதும் உங்களுக்கும் பாதுகாப்பு.

கையில் மாவுக்கட்டோடு பெரியம்மா சொல்கிறார்: “அடுத்த தடவ விழுந்தா, நீ போட்டோ எடுக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்!”