தியாகம் என்று சொல்லி முடித்துவிடலாமா?

கோயில் குடமுழுக்கு மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், சங்க வெள்ளிவிழா மலர் என்று நம் நாட்டில் மலர்களுக்குப் பஞ்சமே இல்லை. எதைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்கள் வாழ்த்துச் செய்திகள். அடுத்து நிர்வாகக் குழுவினரின் படம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று இடமிருந்து வலமாகப் பெயர்கள். கடைசிப் பக்கங்களில் ஒரு சிறிய படம் இருக்கும். பெரிய அண்டாவுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பார்கள். கீழே, "அன்னதானப் பணியில் மாதர் பிரிவினர்" என்று ஒரு வரி. பெயர்கள் இருக்காது.

இந்தப் பெண்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்னையர் தினத்தில் பேசுகிறோம். இரங்கல் கூட்டத்தில் பேசுகிறோம். மெழுகுவர்த்தி, ஆலமரம், தெய்வம் என்று உவமைகளை அள்ளி வீசுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாகத் 'தியாகம்' என்ற சொல் எப்போதும் கைவசம் இருக்கிறது. அதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அந்த அம்மையார் என்ன செய்தார், எப்படிச் செய்தார், அதற்கான விலையைக் கொடுத்தது யார் என்று அதற்குப் பிறகு எவரும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் இந்தச் சொல்லின் மீதுதான்.

எனக்கு நன்கு தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் 1942-இல் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து 2018-இல் மறைந்தவர் என் பாட்டி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினான்கு வயதில் உளி பிடித்தவர், தோட்டத்தில் மரம் வெட்டும் வேலை இருந்தவரை பிடித்தார். ஆறு பிள்ளைகள். 1975-இல் தாத்தா காலமானார். விடியற்காலைப் பெரட்டு, பால் வெட்டு, பிற்பகலில் வீடு, மாலையானால் ஊர். அந்த மாலை நேரத்து ஊர்வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

பாட்டியிடம் 555 புத்தகங்கள் சில இருந்தன. மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே, அந்தச் சின்னப் புத்தகம்தான். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவார். "மேட்டு லயம், லோரிக்காரர் வீடு, ரெண்டாவது, பொண்ணு" என்று ஒரு வரி. பக்கத்தில் ஓர் ஆண்டு. பிள்ளை பிறந்த ஆண்டு அது. எந்த ஆண்டு எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏழு வயது ஆகும், யார் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தன. பள்ளிப் பதிவு தொடங்குவதற்கு முன்பே அவர் வீடு வீடாகப் போய்விடுவார். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்குத் தனிப் பக்கம். நம் நாட்டில் 150 மாணவர்களுக்குக் கீழே போகும் பள்ளியைக் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த எல்லையை ஒட்டித் தள்ளாடும் பள்ளிக்கு ஓர் ஆண்டில் ஐந்து பிள்ளைகள் கூடுவதும் குறைவதும் எவ்வளவு பெரிய செய்தி என்பது தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்குத் தெரியும். இன்று நாம் கணினியில் அட்டவணை போட்டு 'தரவு' என்று பெருமையாகச் சொல்வதை அவர் பென்சிலால் செய்து வைத்திருந்தார்.

அடுத்து, திருமணப் பதிவு. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதுவரை கோயிலில் தாலி கட்டினாலே செல்லும் என்றிருந்த நிலை மாறி, முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தை அரசாங்கத்தில் பதிந்தாக வேண்டும் என்று ஆயிற்று. சட்டம் மாறிய வேகத்தில் லயம் மாறவில்லை. "ஊரே பாக்கத் தாலி கட்டினோம், அப்புறம் என்ன பதிவு?" என்று கேட்டவர்கள் பலர். பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். தாய்க்குக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லையென்றால், தந்தை குடிமகனாகவே இருந்தாலும் பிள்ளையின் பாடு திண்டாட்டம்தான். பாட்டிக்கு இந்தச் சட்ட விவரமெல்லாம் தெரியாது. பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க எத்தனை முறை அலைய வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதனால் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே மாப்பிள்ளையை மடக்கி, "சூராட் எடுத்தாச்சாய்யா?" என்பார். எடுக்கவில்லை என்றால் அடுத்த வாரம் அவரே இருவரையும் பேருந்தில் ஏற்றிச் சுங்கைப் பட்டாணிக்கு அழைத்துப் போவார். அன்றைய சம்பளம் போய்விடும்.

பணம் திரட்டியதும் உண்டு. இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் 50 ரிங்கிட், ஒருவர் கையில் மொத்தமாக 1,000 ரிங்கிட். நம் பெண்கள் 'கூட்டு' என்பார்கள். (கூட்டுப் பணத்தைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. பாட்டி அதில் ஒரு காசும் தரகு எடுத்ததில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.) வங்கிக்குள் காலெடுத்து வைக்கவே கூசிய பெண்களுக்குப் பிள்ளையின் தேர்வுக் கட்டணமும் சாவுச் செலவும் வந்த வழி அது. பங்குனித் திருவிழாச் சமையலும் அவர் பொறுப்புதான். பத்துக் கிலோ அரிசிக்கு எண்பது பேர் என்பது அவர் கணக்கு. மழை வந்தால் எத்தனை பேர் குறைவார்கள், சம்பள நாளை ஒட்டி வந்தால் எத்தனை பேர் கூடுவார்கள் என்று அதில் கூட்டிக் கழிப்பார். சோறு பற்றாமல் போனதாகவோ மிஞ்சிக் கொட்டியதாகவோ நான் கேள்விப்பட்டதில்லை.

இவற்றில் எதைத் தியாகம் என்பது? கணக்கு, ஞாபகம், ஆள் பழக்கம், அலுவலக நடைமுறை, பேசி மடக்கும் திறன் எல்லாம் இதில் இருக்கின்றன. ஓர் ஆண் இதையே செய்திருந்தால் 'சிறந்த நிர்வாகி' என்று பொன்னாடை போர்த்தியிருப்போம். பெண் செய்ததால் அதைக் குணம் என்று சொல்லிவிடுகிறோம். குணத்துக்குக் குறிப்பேடு தேவையில்லை. அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. பாட்டி போனதும் அந்த வட்டாரத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளின் கணக்கும் போய்விட்டது. யாரும் அதைத் தொடரவில்லை. தொடர வேண்டிய ஒரு வேலையாக அதை எவரும் கருதவில்லையே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்தில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், "தன்னந்தனியாக ஆறு பிள்ளைகளையும் வளர்த்து, ஊருக்கும் உழைத்த தியாகத் தாய்" என்று உருக்கமாகப் பேசினார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பெரியம்மா மட்டும் அடுப்படியில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் மூத்தவர் அவர். தாத்தா இறந்த 1975-இல் புகுமுக வகுப்பு முடித்து இரண்டாம் படிவத்தில் இருந்தார். வகுப்பில் கணக்கில் முதலாவது. அந்த ஆண்டே பள்ளி நின்றது. பாட்டி மாலையில் வீடு வீடாகப் போனபோது ஐந்து தம்பி தங்கைகளுக்குச் சோறாக்கி, குளிப்பாட்டி, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தவர் பெரியம்மாதான். கடைக்குட்டியான என் அம்மாவுக்கு அப்போது ஒரு வயது.

"தன்னந்தனியாக" என்றாரே, அது உண்மையன்று. ஊரார் பிள்ளைகள் பள்ளிக்குப் போக உழைத்தவரின் வீட்டில் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நின்றது. இதைச் சொன்னால் பாட்டியின் பெருமைக்குக் குறைவு என்று என் மாமா ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் மதிப்பது உயிருள்ள ஒரு மனுஷியை. அவருக்குக் கையிருப்பு குறைவு, தேவை அதிகம். எதை விட்டு எதைப் பிடிப்பது என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவுகளில் ஒன்றின் சுமை பெரியம்மாவின் தலையில் இறங்கியது. 'தியாகம்' என்று சொன்ன கணத்தில் பெரியம்மா கதையிலிருந்தே காணாமல் போகிறார்.

பாட்டி பிறந்து வளர்ந்த அதே பீடோங் வட்டாரத்துக்கு நம் தொழிலாளர் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படை, 1947-இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடியது. தலைவரின் பெயரை வரலாற்று நூல்கள் காத்து வைத்திருக்கின்றன. சம்பளம் கள்ளுக்கடையோடு நின்றுவிட்ட வீடுகளில் உலை வைக்க வழி தேடிய பெண்கள் யார், அவர்கள் என்ன பேசினார்கள்? அந்த வயதுப் பெண்கள் இன்று நம்மிடையே இல்லை. ஒரு தலைமுறையை அப்படி இழந்தாயிற்று.

சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுப் பணியை 1979-லேயே அரசாங்கம் தொடங்கிவிட்டது. இங்கே மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கப்பட்டது. அதன் பிறகு எத்தனை ஆய்வேடுகள்! கவிதையில் பெண், நாவலில் பெண், சிறுகதையில் தோட்டப்புறப் பெண் என்று தலைப்புகள் நமக்குச் சலிக்கவே இல்லை. கதைக்குள் இருக்கும் பெண்ணுக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கும் நாம், அடுத்த லயத்தில் இருந்த பெண்ணுக்கு ஒரு மணி நேர ஒலிப்பதிவாவது ஒதுக்கியிருக்கலாம். அதற்கு மானியமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி போதும்.

நம் கழகத்தின் பழைய மலர்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்களேன். பொங்கல் விழாவில் கோலம், உணவு, உபசரிப்பு ஆகியவற்றில் யார் பெயர் அதிகம், முதல் வரிசை நாற்காலிகளில் யார் படம் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு பேசிக்கொள்வோம்.

விடுமுறையில் ஊருக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டியிடமோ அத்தையிடமோ உட்காரும்போது "உங்கள் வாழ்க்கை அனுபவம் என்ன?" என்று கேட்காதீர்கள், "என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம்" என்பதோடு முடிந்துவிடும். எத்தனை படி அரிசி, யார் வீட்டில் அடுப்பு, பாரத்தை யார் நிரப்பினார்கள், கூட்டுப் பணத்தை எங்கே ஒளித்து வைத்தீர்கள், அந்த நேரம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வாகத்தான் இருக்கிறார். "எங்கிட்ட என்னம்மா இருக்கு, பாட்டியப் பத்திக் கேளு" என்றுதான் ஆரம்பித்தார். இரண்டு பிற்பகல்கள் போய்விட்டன. பதிவு இன்னும் 1975-ஐத் தாண்டவில்லை.