பங்சார் தொகுதியும் லோரி ஓட்டுநரின் மகனும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் தந்தையின் தொழிலைப் பற்றி ஒரு பத்தி எழுதுமாறு கூறியிருந்தேன். ஒருவன் மட்டும் "என் அப்பா கம்பெனியில் வேலை செய்கிறார்" என்ற ஒரே வரியோடு நிறுத்திவிட்டான். தனியே அழைத்து வினவினேன். தந்தையார் கிள்ளான் துறைமுகத்திற்குக் கொள்கலன் லோரி ஓட்டுபவராம். "அதை எழுத வேண்டாமென்று அம்மா சொன்னாங்க, டீச்சர்" என்றான்.

அந்தத் தாயை நான் குறைகூறவில்லை. மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்று மூன்றே பதவிகளை வகுப்பறையில் ஓதிக்கொண்டிருப்பவர்கள் நாம்தாமே!

மறுநாள் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, 1964ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைப் பற்றிப் பேசினேன். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை ஒட்டிய பங்சார் நாடாளுமன்றத் தொகுதியில் அவ்வாண்டு இரண்டு தொழிற்சங்கவாதிகள் எதிரெதிரே நின்றனர். ஒருவர் 1959இல் சோசலிஸ்ட் முன்னணியின் சார்பில் அங்கு வென்றிருந்த வி. டேவிட். மற்றவர் சிங்கையிலிருந்து வந்த தேவன் நாயர். வென்றவர் தேவன் நாயர். தீபகற்பத்தில் மக்கள் செயல் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

தேவன் நாயரின் தந்தை தலைச்சேரியிலிருந்து வந்து மலாக்காவின் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1923இல் பிறந்த மகன் சிறுவயதில் குடும்பத்தோடு சிங்கைக்குப் பெயர்ந்து, பின்னர் பள்ளி ஆசிரியரானார். (ஆம், நம் இனம்!) ஆசிரியர் சங்கத்தின் வழியாகவே பொதுவாழ்வில் நுழைந்தார். பிரிட்டிஷ் ஆட்சியில் இருமுறை சிறைவைக்கப்பட்டார். 1961இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1965இல் சிங்கை பிரிந்தபின், 1966இல் பதிவுபெற்ற ஜனநாயக செயல் கட்சியின் முதல் தலைமைச் செயலாளரானார். 1981இல் சிங்கையின் அதிபர்! 1985இல் பதவி விலகியதும், கனடாவில் வாழ்வு முடிந்ததும் வேறு கதை. "அவர் மலையாளியாயிற்றே" என்று ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் கேட்டார். தோட்டத்துக் கிராணியின் மகன் என்பதே எனக்குப் போதும்.

ஆயினும் என் மனம் சாய்வது தோற்றவரிடந்தான். டேவிட் போக்குவரத்துத் தொழிலாளர்களைத் திரட்டியவர். பேருந்தும் லோரியும் ஓட்டியவர்களின் குரலாக நின்றவர். பங்சாரில் தோற்றபின் வீட்டில் முடங்கவில்லை. 1969இல் பினாங்கிலிருந்தும், 1978இல் டாமன்சாராவிலிருந்தும், பின்னர் பூச்சோங்கிலிருந்தும் நாடாளுமன்றம் சென்றார். 1987இல் லாலாங் நடவடிக்கையில் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டார். இருவரும் மறைந்தது ஒரே ஆண்டில், 2005இல்.

இவ்வழி எளிதாகத் திறந்ததன்று. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய ஆர்.எச். நாதன் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அத்தொழிலாளரின் கோரிக்கைகளுள் ஒன்று. தமிழகத்தில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிழைக்க வந்தவன் வாய்திறந்தால் கப்பலும் கயிறும் காத்திருந்த மண்ணில், சுமார் பத்தாண்டுகளில் ஒரு தொழிற்சங்கவாதி பங்சாரிலிருந்து நாடாளுமன்றம் சென்றார் என்பதை வரலாற்றுப் பாடத்தில் நாம் ஏன் அழுத்திச் சொல்வதில்லை?

அரசியல் பேசினால் வம்பு என அஞ்சுகிறோம். கட்சிச் சார்பு என்று பெற்றோர் முறையிடுவரோ என்றும் தயங்குகிறோம். நானும் தயங்கியவள்தான். எந்தக் கட்சி நல்லது என்று பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சந்தா கட்டி, கூட்டக் குறிப்பெழுதி, முதலாளியின் எதிரே அமர்ந்து கணக்குக் கேட்கப் பழகியவர்கள் நாட்டின் சட்டமன்றம்வரை சென்றனர் என்பது கட்சிப் பேச்சாகாது.

பாடம் முடிந்ததும் அந்த மாணவன் எழுந்து, "டேவிட் லோரி ஓட்டினாரா டீச்சர்?" என்று கேட்டான். ஓட்டியவர்களுக்காகப் பேசினார் என்றேன். குறிப்பேட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிச் சென்றான். திங்கட்கிழமை ஒரு முழுப்பக்கம் வந்தது. அவன் தந்தை ஓட்டும் லோரிக்கு எத்தனை சக்கரம் என்பதும் அதில் இருந்தது. எழுத்துப்பிழைகள் பதினொன்று. சிவப்பு மையால் திருத்தாமல் பென்சிலால் திருத்திக் கொடுத்தேன்.