தகப்பனார் பேரிலேயே நிற்கும் பட்டா

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு விவசாயி கண்ணை மூடினால் பதினாறாம் நாள் காரியம் குறைவின்றி நடக்கிறது. கடன் வாங்கியாவது ஊருக்குச் சோறு போட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர் விட்டுச் சென்ற இரண்டு காணி நிலத்தின் பட்டாவை வாரிசுகள் பேருக்கு மாற்றும் வேலை மட்டும் அடுத்த போகத்துக்கு, அடுத்த வருஷத்துக்கு என்று தள்ளிக்கொண்டே போகிறது. பத்து வருஷம் கழித்துச் சிட்டா எடுத்தாலும் அதில் இறந்தவர் பேரே இருக்கிறது. இந்த அசட்டையால் சிறு விவசாயி அடையும் நஷ்டம், வறட்சியால் வரும் நஷ்டத்துக்குக் குறைந்ததல்ல.

இறந்தவர் பேரில் உள்ள பட்டாவைக் காட்டிப் பயிர்க்கடன் வாங்க முடியாது. 2019 முதல் மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்து வரும் உதவித்தொகையும் நிலம் பேரில் உள்ளவருக்கே. மகள் கலியாணத்துக்கு அரை ஏக்கரை விற்கப் போனால், மற்ற வாரிசுகள் எங்கே என்ற கேள்வி வருகிறது. அதற்குள் வாரிசுகளில் ஒருவர் இறந்து, அவருடைய பிள்ளைகள் நால்வர் சேர்ந்திருப்பார்கள். மூன்று கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஆறு கையெழுத்து தேடி பெங்களூருக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியதாகிறது.

புரோபேட் என்ற பூச்சாண்டி

தகப்பனார் உயில் எழுதி வைத்த வீடுகளில் வேறொரு பயம் உண்டு. கோர்ட்டில் "புரோபேட்" வாங்காவிட்டால் உயில் செல்லாது என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். புரோபேட் என்பது, இது இறந்தவர் எழுதிய உண்மையான உயில்தான் என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தரும் சான்று. இந்துக்கள் எழுதும் உயில்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் இந்தக் கட்டாயம் சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்குள்ள சொத்துக்கும்தான் இருந்தது. 2025ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. தன் ஊரிலேயே உயில் எழுதிய திண்டிவனத்து விவசாயியின் மணிலாக் கொல்லைக்கு அது என்றுமே கட்டாயமாக இருந்ததில்லை.

ஆனால் உயிலில் சண்டை வந்தால் அதை மெய்ப்பிக்கத்தான் வேண்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். எண்பது வயதுப் பெரியவர் எழுதும் உயிலுக்கு எண்பது வயதுக்காரர்களையே சாட்சியாகப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்தால் பின்னால் வரும் சந்தேகம் பாதி குறையும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

உயில் இல்லாத வீடுகளே அதிகம். அங்கே முதல் வேலை இறப்பைப் பதிவு செய்வது. 21 நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் அலைச்சல் இல்லை. அடுத்தது தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் மனு போடலாம். மூன்றாவது, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று. இவற்றை வைத்து எல்லா வாரிசுகள் பேரிலும் கூட்டுப் பட்டா கேட்கலாம். பிறகு பேசிப் பிரித்து, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, அளந்து, உட்பிரிவு செய்துகொள்ளலாம். குடும்பத்தாருக்குள் எழுதும் இந்தப் பத்திரத்தின் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. கிரயப் பத்திரம் போலச் செலவாகும் என்று பயப்பட வேண்டாம்.

பாங்கியில் உள்ள டெபாசிட்டுக்கு நாமினி இல்லாமல் தகராறு வந்தால், அதற்குக் கோர்ட் கொடுக்கும் இறங்குரிமைச் சான்று வேறு. அதை நிலத்துக்குத் தேவை என்று நினைத்துப் பணம் கட்டி ஏமாறக் கூடாது. தகப்பனார் வைத்த கடனுக்கும் அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகள் பொறுப்பு.

1979ல் தொடங்கி நடந்த யூ.டி.ஆர். பதிவில் பேரும் சர்வே எண்ணும் மாறிப்போன நிலங்கள் ஏராளம். பழைய பத்திரத்தையும் இன்றைய பட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் பதிவேடுதான். அது ஒன்றே உரிமையைத் தந்துவிடாது.

பெண்ணுக்கும் பங்கு உண்டு

பட்டா மாற்றம் தள்ளிப்போவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் கட்டிக்கொடுத்த பெண்ணின் பேரும் அதில் வரும் என்பதற்காகவே பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் உண்டு. இது நியாயமும் அல்ல, லாபமும் அல்ல. தகப்பன் சுயமாகச் சம்பாதித்த நிலத்தில், உயில் இல்லாவிட்டால், மனைவி, மகன், மகள், தாய் அனைவருக்கும் சம பங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989ல் மணமாகாத பெண்களுக்கு உரிமை கொடுத்தது. 2005ல் நாடு முழுவதும் எல்லாப் பெண்களுக்கும் அது வந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு. அங்கும் பெண்ணுக்குப் பங்கு உண்டு.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கே சாட்சி. 1938ல் ஒருவர் கோர்ட் ஏலத்தில் நிலம் வாங்கினார். அவருக்கு ஒரே மகள். அவர் 1949ல் இறந்தார். மகளும் 1967ல் இறந்தார். பங்கு கேட்டு 1991ல் வழக்குப் போட்டார்கள். 1994ல் கீழ்க் கோர்ட்டும் 2009ல் உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. மகளுக்கு உரிமை உண்டு என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. இரண்டு காணி வைத்திருப்பவன் இதைத் தாங்குவானா? தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பங்கோ பணமோ பேசி, அவள் மனமொப்பி விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் ஒரே நாளில் முடியும் காரியம் இது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே?

கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று கிராமத்தில் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்காக வெள்ளைத் தாளில் பாகம் எழுதி ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தோடு பெட்டியில் வைத்துவிட்டால் போதாது. பதிவு செய்யாத அந்தச் சீட்டு நாளைக்குச் சண்டை வந்தால் கை கொடுக்கும் என்று நம்ப முடியாது.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், திண்டிவனத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ளன. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அண்ணன் தம்பி தகராறை லோக் அதாலத்தில் பேசி முடித்தால் அந்தத் தீர்ப்பு கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. கோர்ட்டில் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

எல்லாப் பழியையும் விவசாயி தலையில் போடுவதும் சரியல்ல. 1980ல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்படும் வரை, எந்த வீட்டில் யார் வாரிசு என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதில் அநியாயமும் நடந்தது. ஆனால் ஊர் தெரிந்திருந்தது. இன்று கிராம நிர்வாக அலுவலர் மாற்றலாகி வந்து போகிறவர். ஆகையால் சட்டப்படி ஒரு ஏற்பாடு தேவை. வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கிறது. அந்த ஆண்டில் இறந்த பட்டாதாரர்களின் பட்டியலை ஒவ்வொரு கிராமத்துக்கும் அங்கே வாசிக்க வேண்டும். வாரிசுகளை அழைத்து, மனு எழுதித் தர ஒரு சட்ட உதவி வக்கீலையும் உட்கார வைக்க வேண்டும். இறப்புப் பதிவேடும் சர்க்காரிடம் இருக்கிறது. பட்டாப் பதிவேடும் சர்க்காரிடமே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய செலவு ஆகாது.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை செய்யலாம். இந்த வாரமே சிட்டாவை எடுத்து, அதில் யார் பேர் இருக்கிறது என்று பார்க்கலாம். அந்தப் பேருக்கு உரியவர் உயிரோடு இல்லையென்றால், அவருக்குச் செய்ய வேண்டிய காரியம் இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.